தேர்தலுக்கு முந்தின ராத்திரி வந்த குரல்

2024 ஏப்ரல் 18, வியாழக்கிழமை ராத்திரி. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மக்களவைத் தேர்தல் வேலைக்காகத் தங்கியிருந்தோம். நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். இயந்திரப் பெட்டிகளைச் சுவரோரம் வைத்துவிட்டு, பெஞ்சுகளை ஒட்டிப் போட்டுப் படுக்கப் போகும்போது, எங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்த ஊர்த் தம்பி போனை நீட்டினார். "சார், இதைக் கொஞ்சம் கேளுங்க. சாயந்திரத்துல இருந்து எல்லா குரூப்புலயும் ஓடுது."

ஒரு ஆண் குரல். நம் பக்கத்துப் பேச்சு. மெஷினுக்குள்ளே வெளிநாட்டுச் சிப்பு வைத்திருக்கிறார்கள், எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒரே கட்சிக்குத்தான் விழும், வேலையைக் கெடுத்துக்கொண்டு யாரும் நாளைக்குப் போகாதீர்கள் என்று நிதானமாகச் சொன்னது. பல கை மாறி வந்த செய்தி என்ற அடையாளம் மேலே இருந்தது. யார் குரல் என்று அந்தத் தம்பிக்கும் தெரியவில்லை.

எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. விடிந்தால் இந்த ஊர் சனம் என் முகத்தைத்தான் பார்க்கும்.

காலையில் ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. வழக்கமாகக் கட்சி முகவர்கள் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்பார்கள். அன்றைக்கு எல்லாரும் கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றார்கள், அவர்களும் அந்தக் குரலைக் கேட்டிருந்தார்கள். குறைந்தது 50 ஓட்டுப் போட வேண்டும் என்பது விதி. நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானையும் அவர்களையே அமுக்கச் சொன்னேன். ஒவ்வொருவரும் தான் எதை எத்தனை தடவை அமுக்கினோம் என்று தாளில் எழுதிக்கொண்டார்கள். கணக்கை இயந்திரத்தில் எடுத்தோம். ஓட்டு விழுந்த சின்னத்தைச் சீட்டில் அச்சடிக்கும் விவிபாட் பெட்டியைத் திறந்து சீட்டுகளை மேசைமேல் கொட்டி, சின்னம் வாரியாகப் பிரித்து அவர்களே எண்ணினார்கள். மூன்று கணக்கும் ஒன்றாக இருந்தது. அந்தச் சீட்டுகளின் முதுகில் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டினோம். இயந்திரத்தில் கணக்கைப் பூஜ்யமாக்கிக் காட்டிவிட்டு முத்திரை வைத்தோம். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேர், சொந்தத்தில் மாமன் மச்சான். "மாமா, நீங்க மொதல்ல போடுங்க" என்று கையெழுத்துப் போட ஒருவர் பேனாவை நீட்டினார்.

அப்புறம் நான் ஒன்று கேட்டேன். "வெளியே வரிசையில நிக்கறவங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா அரசாங்கத்து ஆள்னு நினைப்பாங்க." இருவரும் பள்ளிக்கூடப் படிக்கட்டில் சேர்ந்து நின்று, நாங்களே எண்ணிப் பார்த்தோம், சரியாக இருக்கிறது என்றார்கள். வரிசை அசையாமல் நின்றது, ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக ஓட்டுப் பதிவானது எங்கள் தருமபுரி தொகுதியில்தான், 81.20 சதவீதம்.

அந்தக் குரலைப் பற்றி மேலே தகவல் கொடுத்தேன். குறித்துக்கொண்டார்கள். அது யாருடையது, எங்கிருந்து கிளம்பியது என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உள்ளூர்க்காரன் வேலையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து என் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான். அது வேறொரு நாட்டிலிருந்து வந்திருந்தால் என் நாடு என்ன செய்திருக்க வேண்டும்?

என் பதில் இது. நடந்ததை, ஆதாரத்தோடு, சீக்கிரமாக, மக்கள் நம்பக்கூடிய ஒருவர் வாயால் மக்களிடம் சொல்ல வேண்டும். தூதரை வெளியேற்றுவது, தடை போடுவது, பதிலுக்கு நாமும் அவர்கள் கணினிக்குள் புகுவது எல்லாம் அதற்கப்புறம்.

இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேவு பார்ப்பது எல்லா நாடும் எல்லாக் காலத்திலும் செய்வது. 2015-இல் அமெரிக்க அரசு ஊழியர்களின் விவரங்களை வைத்திருந்த அலுவலகத்திலிருந்து 2 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல்கள் களவு போனது தெரியவந்தது. சீனா மேல் சந்தேகம். அப்போதைய அமெரிக்க உளவுத்துறைத் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பர், இப்படி ஒரு வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்திருந்தால் நாங்களும் விட்டிருக்க மாட்டோம் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். வேவுக்கு முதல் பதில் நம் வீட்டுக் கதவைப் பூட்டுவதுதான், அதற்காக யாரும் படையெடுத்துப் போக முடியாது. தேர்தலில் தலையிடுவது வேறு ரகம். அங்கே திருடப்படுவது கோப்பு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்காரன் மேல் எனக்கிருக்கும் நம்பிக்கையும் சேர்ந்து போகிறது.

கதவைப் பூட்டுவதிலும் நாம் ஒரு தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம், மறைப்பது. கூடங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பர் தொடக்கத்திலேயே இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், கணினியில் தீநிரல் (மால்வேர்) புகுந்திருக்கிறது என்று அணுமின் கழகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டது. அக்டோபர் 29-ஆம் தேதி, அப்படி எதுவும் நடக்கவில்லை, நடக்கவும் முடியாது என்று அணுமின் நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாளே, ஆமாம், நிர்வாக வேலைக்கான ஒரு கணினியில் தீநிரல் இருந்தது, உலையை இயக்கும் அமைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இரண்டாவது நாள் சொன்னதை முதல் நாளே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டு அப்புறம் ஆமாம் என்பவரை, அடுத்த முறை உண்மையைச் சொல்லும்போதும் நம்ப மனசு வராது. ஆட்சி எந்தக் கட்சியுடையது என்பது இங்கே பேச்சில்லை, அணு உலை விஷயத்தில் அந்த நம்பிக்கை எல்லாருக்கும் வேண்டியது.

காலம் கடத்துவதும் மறைப்பதற்குச் சமம்தான். 2016-இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் மின்னஞ்சல்களை ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவு திருடி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டது. தேர்தலில் ஒரு பக்கம் சாய்வதாகப் பேச்சு வருமே என்று ஒபாமா அரசு தயங்கித் தயங்கி, அக்டோபர் 7-ஆம் தேதிதான் ரஷ்யாவைக் குற்றம்சாட்டி அறிக்கை விட்டது. ஓட்டுப் பதிவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அதே நாளில் டிரம்ப் பெண்களைப் பற்றிப் பேசிய பழைய வீடியோ வெளியானது. அதே நாளில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரியின் பிரசாரத் தலைவருடைய மின்னஞ்சல்களை, ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் கொட்ட ஆரம்பித்தது. அறிக்கை அந்த இரைச்சலில் காணாமல் போயிற்று. 35 ரஷ்யத் தூதரக ஆட்களை வெளியேற்றியது டிசம்பர் கடைசியில், தேர்தல் முடிவு வந்த பிறகு.

அந்த வருஷத்துச் சங்கதிகளில் என் மனதை அறுப்பது ஹூஸ்டன் நகரத்தில் நடந்தது. 2016 மே 21. ஒரு இஸ்லாமிய மையத்துக்கு முன்னால், அதை எதிர்த்து ஒரு கூட்டம், ஆதரித்து ஒரு கூட்டம். இரண்டையும் முகநூலில் கூட்டியவர்கள் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். விளம்பரச் செலவு சுமார் 200 டாலர். எதிரெதிரே நின்று கத்தினவர்கள் எல்லாரும் உண்மையான அமெரிக்கர்கள், உண்மையான கோபம். ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

அதைப் படித்தபோது எனக்கு ஓசூர் ஞாபகம் வந்தது. அதே 2016, செப்டம்பர் 12. காவிரித் தண்ணீர் விவகாரத்தில் பெங்களூரு எரிந்தது. அதற்கு முந்தைய நாட்களில் இரண்டு பக்கமும் ஆளை அடிக்கும் வீடியோக்கள் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தன. 40-க்கும் மேற்பட்ட தனியார் பேருந்துகளை ஒரே இடத்தில் கொளுத்தினார்கள். என் தங்கை அப்போது பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தாள். கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியோடு வண்டி நின்றுவிட்டது. இடுப்பில் குழந்தை, தோளில் பை, ஒரு செருப்பு அறுந்து போய் அதையும் கையில் பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் ஜூஜூவாடிக்கு நடந்து வந்தாள். நான் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். கிட்டே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணா, பாப்பாகிட்ட வழி பூரா பேசாத பேசாதன்னு சொல்லிட்டே வந்தேன்." குழந்தை வாயைத் திறந்தால் தமிழ் வந்துவிடுமே என்ற பயம்.

அது முழுக்க முழுக்க நம் ஆட்களே மூட்டிய தீ. அந்த விரிசல் எங்கே ஓடுகிறது என்று எந்த அந்நியனும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, எல்லார் போனிலும் தெரிகிறது. சாதியின் பேரில் 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று காலனிகள் எரிந்த மாவட்டம் எங்கள் தருமபுரி. எங்களுக்கு 200 டாலர்கூடத் தேவைப்படாது. இந்தப் பயம்தான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

சரியாகச் சொன்னால் பலன் உண்டு என்பதற்கும் நம் பக்கமே சாட்சி இருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்களை வடக்கே பரப்பினார்கள். ஓசூர் சிப்காட் பக்கம் எனக்குத் தெரிந்த பையன்களுக்கு ஊரிலிருந்து அம்மாக்கள் அழுதுகொண்டே போன் செய்தார்கள். உடனே தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவரே வீடியோவில் மறுத்தார். காவல்துறை இந்தியிலும் விளக்கம் கொடுத்தது. பீகார் அரசு தன் அதிகாரிகளை அனுப்பி நேரில் பார்க்கச் சொன்னது, அவர்களும் பார்த்துவிட்டுத் திருப்தி என்றார்கள். நாம் சொன்னதோடு நிற்காமல் எதிர்த்தரப்பும் வந்து பார்த்துச் சொன்னது. எங்கள் பள்ளிக்கூடப் படிக்கட்டில் நின்ற மாமன் மச்சானும் அதைத்தான் செய்தார்கள்.

ஆகவே யார் சொல்வது என்பதுதான் பெரிய கேள்வி. ஆளுங்கட்சி சொன்னால் எதிர்க்கட்சிக்காரன் நம்ப மாட்டான், நானே நம்ப மாட்டேன். அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று அரசே ஒரு பிரிவு வைத்து முடிவு செய்யலாம் என்று 2023-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது சரியான தீர்ப்பு. கனடாவில் 2019 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. தேர்தல் காலத்தில் ஐந்து மூத்த அரசு அதிகாரிகள் கொண்ட குழு உளவுத் தகவலைப் பார்க்கும். தேர்தலையே பாதிக்கும் அளவுக்கு ஏதாவது நடந்தால் மக்களிடம் அறிவிக்கும் பொறுப்பு அவர்களுடையது, அமைச்சர்கள் கையில் அது இல்லை. அதிலும் குறைகள் உண்டு, அங்கேயே விசாரணை ஆணையம் போட்டு அலசினார்கள். ஆனால் வழி அதுதான். நம் நாட்டில் எல்லாக் கட்சியும் ஒப்புக்கொள்ளும் ஆட்களை வைத்து, தேர்தல் அறிவிக்கும் முன்பே அப்படி ஒரு குழுவைச் சட்டப்படி அமைக்க வேண்டும்.

முன்பே என்பது முக்கியம். பிரான்சில் 2017 மே 5 ராத்திரி, இறுதிச் சுற்றுக்கு இரண்டு நாள் முன்பு, அதிபர் வேட்பாளர் மக்ரோன் தரப்பின் மின்னஞ்சல்களைக் கொட்டினார்கள். தேர்தல் பிரசாரத்தைக் கண்காணிக்கும் ஆணையம் உடனே ஊடகங்களிடம் இதைப் பரப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. பெரிய ஊடகங்கள் பொறுமை காத்தன. பெரிய சேதம் இல்லாமல் தேர்தல் முடிந்தது. ருமேனியாவில் 2024-இல் முதல் சுற்று முடிந்து, டிக்டாக் மூலம் திடீரென்று மேலே வந்த ஒருவர் முதலிடம் பிடித்த பிறகுதான் உளவு ஆவணங்களை வெளியிட்டார்கள். டிசம்பர் 6-ஆம் தேதி அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. வெளிநாட்டில் இருந்த ருமேனியர்கள் இரண்டாம் சுற்றுக்கு ஓட்டுப் போட ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். என்னால் அதைச் சரி என்று சொல்ல முடியவில்லை. வரிசையில் நின்று போட்ட ஓட்டைச் செல்லாது என்பதைவிடப் பெரிய காயம் எது? முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த நிலைக்கே போயிருக்க வேண்டாம்.

தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018-இல் அமெரிக்கா 12 ரஷ்ய உளவு அதிகாரிகள் மேல் குற்றப்பத்திரிகை கொண்டுவந்தது. அவர்கள் யாரும் அமெரிக்கக் கோர்ட்டுப் படி ஏறவில்லை. ஆனாலும் பெயர், 26165, 74455 என்ற படைப்பிரிவு எண்கள், எந்த நாளில் எந்த வேலை என்று எல்லாம் பொதுவில் வந்தது. சாதாரண ஆள் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது, அதன் பலன் அது. செயலிகளைத் தடை செய்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. 2020 ஜூனில் 59 சீனச் செயலிகளை இங்கே நிறுத்தினார்கள், என் காதில் அந்தக் குரல் விழுந்தது அதற்குக் கிட்டத்தட்ட நாலு வருஷம் கழித்து.

அப்புறம் காகிதம். தைவானில் ஒவ்வொரு ஓட்டுச்சீட்டையும் உயர்த்திக் காட்டி, சத்தமாகப் படித்து, எல்லார் முன்னாலும் எண்ணுகிறார்கள். நெதர்லாந்து 2017-இல் கணினி மென்பொருளில் ஓட்டை இருக்கலாம் என்ற பயத்தில் கையாலேயே எண்ணியது. நம் இயந்திரம் எந்த வலையோடும் இணையாதது, அதை நான் கையாலேயே இயக்கியவன், எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனாலும் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளில் மட்டும் விவிபாட் சீட்டை எண்ணிப் பார்ப்பது போதாது, கூட்ட வேண்டும் என்பது என் கருத்து. எண்ணுவதற்கு எத்தனை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். என்னைக் கூப்பிட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எண்ணுவேன்.

கட்சிகளின் ஐடி விங்குகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எதிர்க்கட்சித் தலைவரைப் பற்றி வெட்டி ஒட்டிய வீடியோ போட்டுச் சனத்தைப் பழக்கிவிட்டு, நாளைக்கு வெளிநாட்டுக்காரன் அதையே போடும்போது நம்பாதீர்கள் என்றால் யார் கேட்பார்கள்? எந்தக் கட்சியில் இருக்கும் நண்பராக இருந்தாலும் இதை என்னோடு சண்டை போட்டாவது பேசுங்கள்.

பாலக்கோட்டு நண்பர்கள் சிலர் இப்போதும் தொடர்பில் இருக்கிறார்கள். போன வாரம் அந்த மாமன் மச்சானில் மச்சான் போன் செய்தார், அடுத்த தேர்தலில் மாதிரி வாக்குப்பதிவைப் பார்க்க முகவர்களோடு ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரையும் உள்ளே விடுவீர்களா என்று கேட்டார். விதியில் இடம் இல்லை என்றேன். மேலே எழுதிக் கேட்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். கடிதம் பாதி எழுதி வைத்திருக்கிறேன்.