பெயின்டுக்கு முன்னால் சில்லைப் பாருங்கள்

எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த காரைக் குறைந்த செலவில் புதுப்பிக்க, பெயின்டிலிருந்து தொடங்கச் சொல்கிறது ஒரு கட்டுரை. தலைகீழ் யோசனை! இதற்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்குக் கீழே பெட்டிபோல் நீளமாக ஓடும் தகட்டுப் பகுதியான சில்தான் முதுகெலும்பு. வெளித்தகடு பளபளக்கும், உள்ளே துரு தின்று தீர்த்திருக்கும். சில்லில் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் துருவை மறைக்கப் பூசிய பட்டிதான் (புட்டி).

சில்லை வெட்டுமுன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்ட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு மூடவே மூடாது. ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். முதலில் டேக் (ஆங்காங்கே சிறு புள்ளி வெல்டு) மட்டும் அடித்து, கதவை மாட்டி, இடைவெளி சரியாக இருந்தால்தான் முழு வெல்டிங்.

ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் திணறுகிறதா? புது கார்ப்பரேட்டர் வாங்க ஓடாதீர்கள். எஸ்யூ கார்ப்பரேட்டரின் டாம்பரில் (உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனை நிதானப்படுத்தும் பகுதி) எண்ணெய் வற்றியிருக்கலாம். 20 கிரேடு ஊற்றிப் பாருங்கள். 1967க்கு முந்தைய வண்டி என்றால் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணையும். பழக்கதோஷத்தில் பேட்டரி முனைகளை மாற்றி மாட்டிவிடாதீர்கள்.