பிரசவ விடுப்புக்கு இஎஸ்ஐயில் சம்பளம் உண்டுங்க

குழந்தைக்குத் திட்டமிடும் திருப்பூர் தம்பதிக்கு ஓர் அண்ணன் சொன்னது இது: பனியன் கம்பெனிப் பெண்களுக்கு இஎஸ்ஐயில் (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிரசவம் மட்டும்தான் இலவசம், விடுப்புக்குப் பணம் வராது, அதனால் ஆறு மாதச் சம்பளத்துக்கு இப்போதே சீட்டுப் போட்டு வையுங்கள்.

சேமிக்கச் சொன்னது நல்லதுதான். ஆனால் பணம் வராது என்பது சரியில்லைங்க. இஎஸ்ஐயில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் வரை, சராசரி தினக்கூலி முழுவதும் மகப்பேறு உதவியாகக் கிடைக்கும். கம்பெனி தருவதல்ல, இஎஸ்ஐ தருவது. ஒரு நிபந்தனை உண்டு: முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். முதலில் சம்பளச் சீட்டை எடுங்கள். இஎஸ்ஐ பிடித்தம் 0.75 சதவீதம், 15,000 ரூபாய் சம்பளமென்றால் 113 ரூபாய் என்று இருக்கும். அப்புறம் காப்பீட்டு எண்ணை வைத்து இஎஸ்ஐ இணையதளத்தில் நுழைந்தால் எத்தனை நாளுக்குச் சந்தா ஏறியிருக்கிறது என்று தெரியும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து இணையதளத்தில் நாள் குறைந்தால், கர்ப்பத்துக்கு முன்பே கிளை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிடித்தமே இல்லாமல் வேலை செய்பவர்கள் அவர்களில் நிறையப் பேர். அவர்களுக்கு அந்த அண்ணன் சொன்ன சேமிப்புச் சீட்டு கைகொடுக்கும்.