செட்டைம்அவுட் போட்டு மூடாதீர்கள்

யுஐ காம்போனென்ட் (பட்டன், லேபிள் போன்ற திரை உறுப்பு) ஒன்றை எக்ஸ்டெண்ட் செய்து சப்கிளாஸ், அதாவது அதன்மேல் கட்டிய உங்கள் சொந்த கிளாஸ், எழுதுகிறீர்கள். ப்ராப்பர்ட்டிக்குப் புது மதிப்பு கொடுத்தாயிற்று, திரையில் பழையதே நிற்கிறது. உடனே யாராவது ஒரு யோசனை சொல்வார்கள்: "ஒரு செட்டைம்அவுட் போட்டுப் பாரேன், ஜீரோ கொடுத்தாலே போதும்." செட்டைம்அவுட் என்பது ஒரு வேலையைச் சில மில்லிசெகண்ட் தள்ளி ஓட்டும் டைமர்; ஜீரோ கொடுத்தால், இப்போது ஓடும் கோடு முடிந்த பிறகு அந்த வேலை ஓடும். பல நேரம் அது வேலையும் செய்துவிடும். என் எரிச்சலே அங்கேதான். வேலை செய்துவிட்டால் அதற்குமேல் யாரும் தோண்டுவதில்லை.

இந்த வகை பக்குகளில் மில்லிசெகண்டுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. எது முன்னால் ஓடியது, எது பின்னால் ஓடியது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

ஜாவாவின் யுஐ லைப்ரரியான ஸ்விங்கில் டெக்ஸ்ட் காட்டும் ஜேலேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்ட் எத்தனை முறை மாறியது என்று எண்ண சப்கிளாஸில் ஒரு இன்ட் ஃபீல்டு (முழு எண் வைக்கும் மாறி) வைக்கிறீர்கள். டெக்ஸ்ட்டை மாற்றும் செட்டெக்ஸ்ட் மெத்தடை ஓவர்ரைடு செய்து, அதாவது அதற்குப் பதில் உங்களுடையதை எழுதி, அந்த ஃபீல்டில் ஒன்று கூட்டுகிறீர்கள். ஜேலேபிளின் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட்டை உருவாக்கும்போது ஓடும் கோடு) தனக்குள்ளேயே செட்டெக்ஸ்ட்டை அழைக்கும். ஓடுவது நீங்கள் எழுதிய செட்டெக்ஸ்ட். எண்ணிக்கை 1 ஆகிறது. சூப்பர், அதாவது ஜேலேபிளின் கன்ஸ்ட்ரக்டர், முடிந்த பிறகுதான் ஜாவா உங்கள் கிளாஸின் ஃபீல்டு இனிஷியலைசர்களை (ஃபீல்டுக்கு ஆரம்ப மதிப்பு தரும் வரிகளை) ஓட்டும். "= 0" என்று எழுதியிருந்தால் அந்த 1 மறுபடி 0 ஆகிவிடும். "= 0"வை அழித்துவிட்டு ஃபீல்டை வெறுமனே அறிவித்தால் 1 அப்படியே நிற்கும். இன்ட்டுக்கு எப்படியும் ஆரம்ப மதிப்பு 0தானே, எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று நினைப்பவர் இங்கே தலையைப் பிய்த்துக்கொள்வார். அதே ஃபீல்டு ஒரு லிஸ்ட்டாக இருந்தால் லிஸ்ட் இன்னும் உருவாகாததால் நல்பாயிண்டர் எக்செப்ஷன் (இல்லாத ஆப்ஜெக்ட்டைத் தொட்ட பிழை) வந்து விழும். அது எவ்வளவோ மேல், சத்தம் போட்டுச் சாகிறது.

மொழி மாறினால் வரிசையும் மாறும். சி ஷார்ப்பில் ஃபீல்டு இனிஷியலைசர்கள் பேஸ் கிளாஸின் (நீங்கள் எக்ஸ்டெண்ட் செய்யும் கிளாஸின்) கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே ஓடிவிடும். சி++இல் பேஸ் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது விர்ச்சுவல் (ஓவர்ரைடு செய்யக்கூடிய) மெத்தட் அழைப்பு சப்கிளாஸுக்குப் போகவே போகாது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்னொரு கூத்து. லிட் போன்ற யுஐ லைப்ரரிகள் ப்ரோட்டோடைப்பில் (கிளாஸின் எல்லா ஆப்ஜெக்ட்டுகளும் பகிரும் இடத்தில்) ஒரு செட்டரை, அதாவது ப்ராப்பர்ட்டிக்கு மதிப்பு கொடுக்கும்போது ஓடும் கோடை, வைத்து, அது அழைக்கப்படும்போது ரெண்டரை (திரையில் மறுபடி வரைவதை) தூண்டும். சப்கிளாஸில் அதே பெயரில் கிளாஸ் ஃபீல்டு எழுதினால், அது இன்ஸ்டன்ஸிலேயே (அந்த ஒரு ஆப்ஜெக்ட்டிலேயே) தனி ப்ராப்பர்ட்டியாக உட்கார்ந்து செட்டரை மறைத்துவிடும். மதிப்பு மாறும், திரை மாறாது. டைப்ஸ்கிரிப்ட்டில் பில்டு டார்கெட்டை (எந்த ஜாவாஸ்கிரிப்ட் பதிப்புக்கு மாற்றுவது என்ற அமைப்பை) இஎஸ்2022க்கு ஏற்றினால் இந்த நடத்தைதான் டிஃபால்ட். கோடில் ஒரு எழுத்தும் மாறாமல் பக் வந்து சேரும். இங்கே எத்தனை செட்டைம்அவுட் போட்டாலும் பலனில்லை.

ஃப்ரேம்வொர்க் வேண்டுமென்றே தள்ளிப்போடுவதும் உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு ப்ராப்பர்ட்டியை மாற்றினால் நான்கு முறையா வரைய முடியும்? ஐஃபோனுக்கான யுஐகிட்டில் செட்நீட்ஸ்லேஅவுட் ஒரு குறிப்பை மட்டும் வைக்கும். அளவையும் இடத்தையும் அமைக்கும் லேஅவுட்சப்வியூஸ் அடுத்த சுற்றில் ஓடும். ஃப்ளாஷுக்கான பழைய ஃப்ளெக்ஸ் ஃப்ரேம்வொர்க்கில் இன்வேலிடேட்ப்ராப்பர்ட்டீஸ், கமிட்ப்ராப்பர்ட்டீஸ் ஜோடியும் அப்படித்தான். மதிப்பைக் கொடுத்த அடுத்த வரியிலேயே அகலத்தைக் கேட்டால் பழைய அகலம்தான் வரும். அதற்கென்று இருக்கும் மெத்தடை ஓவர்ரைடு செய்து அங்கே கேளுங்கள்.

அப்புறம், கன்சோலை அப்படியே நம்பாதீர்கள். பிரவுசரில் ஒரு ஆப்ஜெக்ட்டை லாக் செய்துவிட்டு (கன்சோலில் காட்டச் சொல்லிவிட்டு) பிறகு விரித்துப் பார்த்தால், விரித்த நேரத்து மதிப்புதான் தெரியும், லாக் செய்த நேரத்து மதிப்பு அல்ல. இதனாலேயே "சரியாத்தானே இருக்கு" என்று பலர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆப்ஜெக்ட்டை விட்டுவிட்டு, தேவையான எண்ணையோ ஸ்ட்ரிங்கையோ மட்டும் லாக் செய்யுங்கள்.

பேஸ் கிளாஸ் எழுதுபவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஓவர்ரைடு செய்யக்கூடிய மெத்தடைக் கன்ஸ்ட்ரக்டருக்குள் அழைத்துவிட்டு, அதை டாக்குமெண்டேஷனில் ஒரு வரி சொல்லாமல் போவது நியாயமா?

கோடு ரிவ்யூவில் செட்டைம்அவுட் கண்ணில் பட்டால் நான் ஒன்றுதான் கேட்பேன்: செட்டரில் பிரேக்பாயிண்ட் வைத்து (கோடை அங்கே நிறுத்தி) எடுத்த கால் ஸ்டாக் (எதை எது அழைத்தது என்ற பட்டியல்) எங்கே? அதில் உங்கள் செட்டருக்குக் கீழே பேஸ் கன்ஸ்ட்ரக்டர் தெரிந்தால், அந்த டைமரை அழித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.