குட்டி முகத்தில் எழுதி ஒட்டியிருக்குமா?

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத் தோழி கைப்பேசியை நீட்டினாள். ஷெட்லண்ட் ஷீப்டாக் குட்டி, பஞ்சு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. "அக்கா, உங்க மணி மாதிரியே இருக்குல்ல? தாயும் தகப்பனும் நல்ல ஆரோக்கியமாம். வாங்கிடலாமா?"

ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். இதே தாயின் முந்தின ஈத்துக் குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன? அவள் அங்கேயே வாட்ஸ்அப்பில் கேட்டாள். "எல்லாம் வித்தாச்சு, அவங்கவங்க வீட்ல நல்லா இருக்கும்" என்று பதில் வந்தது.

இருக்கும். அந்த ஒரு சொல்தான் என்னை இதை எழுத வைத்தது. விற்ற குட்டிகள் என்ன ஆயின என்று தெரியாதவர் 'ஆரோக்கியமான குட்டி' என்று சொல்லவே கூடாது என்பது என் கட்சி. சோதனைச் சீட்டு எத்தனை வைத்திருந்தாலும் சரி.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன், அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பத்து வருடத்துக்கு முன் எனக்குப் பார்டர் கோலி என்ற மேய்ப்பு நாய் மீது பைத்தியம் பிடித்திருந்தது. நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், ஈசூனில் நான்கறை வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு. வீவக வீட்டில் வளர்க்க அனுமதித்திருக்கும் 62 இனங்களில் பார்டர் கோலி இல்லை. மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். நானும் ஒரு குறுக்கு வழி யோசித்தேன். தம்பி தரைவீட்டில் இருக்கிறான், அவன் முகவரியைக் கொடுத்துவிட்டு நாயை நாம் வைத்துக்கொள்ளலாம் என்று. இப்படிச் செய்கிறவர்கள் இந்த ஊரில் நான் ஒருத்தி மட்டும் இல்லை, உங்களுக்கே தெரியும்.

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்துக் கிராமப்புறத்தில், மேய்ப்பு நாய்கள் வளர்க்கும் ஓர் அம்மாவுக்கு எழுதினேன். நான் விலை கேட்டேன், அவர் கேள்விப் பட்டியல் அனுப்பினார். நாய் பகலில் யாரோடு இருக்கும்? எத்தனை மணிக்கு நடை? பக்கத்து வீட்டில் கைக்குழந்தை உண்டா? நான்காவது மின்னஞ்சலில் முகவரிக் கதையைக் கண்டுபிடித்துவிட்டார். "உங்களுக்குப் பார்டர் கோலி தரமாட்டேன்" என்று ஒற்றை வரி. ரோஷம் வந்தது. பணம் கொடுத்து வாங்குகிறேன், நீ யார் என்னைக் கேட்க?

இரண்டு நாள் கழித்து அவரே எழுதினார். என் தோழி ஷெல்டி, அதாவது ஷெட்லண்ட் ஷீப்டாக் வளர்க்கிறார், அது உங்கள் ஊர்ப் பட்டியலில் இருக்கிறது, பேசிப் பாருங்கள் என்று. ஆமாம், செம்மறி மேய்க்கவென்றே உருவான நாய்களில் அந்தப் பட்டியலில் இருப்பது எனக்குத் தெரிந்து ஷெட்லண்ட் ஒன்றுதான். அந்தத் தோழி இன்னும் பதினான்கு கேள்வி கேட்டார். அப்புறம்தான் மணி வந்தான்.

மேய்ப்பு நாய் என்றால் நம் ஆட்களுக்குச் சட்டென்று கிடைநாய்தான் ஞாபகம் வரும். என் அய்யா கப்பலேறி இங்கே வருவதற்கு முன் கமுதிப் பக்கம் ஆட்டுக்கிடை வைத்திருந்தவர். அவர் சொல்லும் நாய்க்குக் காவல்தான் வேலை. ராத்திரி நரி வந்தால் குரைக்கும், விரட்டும். ஆட்டை மடக்கி ஓட்டுவது மனிதர் பாடு. பார்டர் கோலி அப்படியல்ல. வயிறு புல்லில் உரசக் குனிந்து, பார்வையாலேயே மந்தையை நிறுத்தும். 1893இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாய் இதில் பேர்போனது. இன்றைய பார்டர் கோலிகளில் அநேகமாக எதன் வம்சாவளியைத் தோண்டினாலும் அதில் போய் முட்டும். ஒரே பொலிகாளையை ஊரெல்லாம் கொண்டுபோன மாதிரி. அப்படிக் கொண்டுபோனால் நல்லது பரவுகிற வேகத்திலேயே உள்ளே ஒளிந்திருக்கும் பழுதும் பரவும்.

'தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம்' என்பார்கள். குணத்துக்கு அது ஓரளவு சரி. நோய்க்குச் சரிவராது. ஒவ்வொரு மரபணுவும் தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என்று இரண்டு பிரதியாக இருக்கும். தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான பிரதியை வைத்துக்கொண்டு, தாங்கள் நன்றாக ஓடியாடித் திரியலாம். குட்டிகளில் சராசரியாக நாலில் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் பழுது வந்து சேரும். பார்டர் கோலிகளில் சிஎல் என்று ஒரு நரம்பு நோய் இருக்கிறது. குட்டி சமர்த்தாக வளரும். ஒன்றரை வயது வாக்கில் தெரிந்த படியில் இறங்கப் பயப்படும், காரணமில்லாமல் பதறும், அப்புறம் பார்வை போகும். பெரும்பாலும் மூன்று வயதைத் தாண்டாது. அதற்குக் காரணமான மரபணுப் பிழையை 2005இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு நோய் வந்த நாய்களின் ரத்தமும் வம்சாவளியும் வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் தன் நாய் இப்படி ஆகிவிட்டது என்று வாயைத் திறந்து சொன்னதால்தான் இன்று அதற்குச் சோதனை இருக்கிறது.

இன்னொரு தவறான நினைப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிரதி மட்டும் பழுதான நாயை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. பழுதில்லாத ஜோடியோடு சேர்த்தால் அந்த நோய் எந்தக் குட்டிக்கும் வராது. எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டே போனால் கடைசியில் நாலு நாய்தான் மிஞ்சும், அந்த நாலும் சொந்தக்காரர்களாக இருக்கும். ஆனால் மெர்ல் என்ற சாம்பல் நீலப் புள்ளி நிறத்துக்கு ஆசைப்பட்டு மெர்லையும் மெர்லையும் சேர்ப்பவர்களை நான் மன்னிக்கமாட்டேன். அதிலும் நாலில் ஒன்று கணக்குத்தான், அந்தக் குட்டிக்குக் காதோ கண்ணோ இல்லாமல் போகலாம். இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை.

மணியோடு ஒரு தாள் வந்தது. இன்றும் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது, ஓரமெல்லாம் மஞ்சள் கறை. ஆறாவது வாரத்தில் கண் மருத்துவர் பார்த்த குறிப்பு அதில் முதல் வரி. ஏன் ஆறாவது வாரம்? ஷெல்டி உட்படக் கோலி வகைகளுக்கு வரும் கண் குறை லேசாக இருந்தால், குட்டி வளர வளர நிறமி படர்ந்து அதை மூடிவிடும். மூன்று மாதத்தில் பார்க்கிறவருக்குக் கண் சுத்தமாகத் தெரியும். இரண்டாவது வரி எம்டிஆர்1: 'ஒரு பிரதி பழுது'. சில மருந்துகள் மூளைக்குள் போகாமல் வெளியே தள்ளும் ஒரு காவல்காரனை உண்டாக்குவது அந்த மரபணு. மணியிடம் பாதிக் காவல்தான். இதயப்புழுவுக்கு மாதாமாதம் தரும் சின்ன அளவு ஐவர்மெக்டின் பரவாயில்லை. சொறிக்குத் தரும் பெரிய அளவு ஆபத்து. அதன் கீழே சிவப்பு மையில்: 'வயிற்றுப்போக்குக்கு லோபராமைட் தராதீர்கள்.'

ஒரு தீபாவளி ராத்திரி முறுக்குத் தட்டில் வாய் வைத்துவிட்டு மணி வயிற்றைக் கெடுத்துக்கொண்டான். அத்தை பாவம், தன் மருந்துப் பெட்டியிலிருந்து அந்த மாத்திரையையே எடுத்துப் பாதியாக உடைத்துத் தயிரில் கலக்கிக்கொண்டிருந்தார். தயிர் எடுக்கக் கதவைத் திறந்தவர் தாளைப் படிக்கவில்லை. மூடப் போன நான் படித்தேன்.

அதைவிடப் பெரிய விஷயம் மணிக்கு ஒன்பது வயதானபோது நடந்தது. ஒரு புதன்கிழமை அந்த ஷெல்டிக்கார அம்மாவிடமிருந்து செய்தி, ஐந்து வீட்டுக்கும் ஒரே நேரத்தில். "மணியின் அக்காளுக்குப் பித்தப்பையில் சளி மாதிரிக் கெட்டியாகி அடைத்துவிட்டது, அவசர அறுவை செய்தோம், பிழைத்துவிட்டாள். மற்ற எல்லோரும் ஒரு ஸ்கேன் எடுங்கள்." ஷெல்டிகளுக்கு நடுவயதுக்கு மேல் இந்தத் தொல்லை அதிகம் வரும், பை வெடித்தால் உயிருக்கே ஆபத்து. மணி அப்போது குதித்துக்கொண்டுதான் இருந்தான். ஸ்கேன் எடுத்தால் பித்தம் கெட்டிப்படத் தொடங்கியிருந்தது. கொழுப்பு குறைந்த சாப்பாடு, மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று இப்போது ஓடுகிறது. ஒன்பது வயதில் வருவதை எந்தக் குட்டியின் முகத்தில் பார்ப்பீர்கள்? அந்த அம்மாள் அந்தத் தாயின் வழியில் அப்புறம் குட்டி எடுக்கவில்லை. எங்களிடமிருந்து பதில் வராமல் இருந்திருந்தால் எடுத்திருப்பார்.

அதனால் விற்கிறவர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. மணியின் ஈத்தில் பிறந்த ஆறு குட்டிகளில் ஒன்றைப் பற்றி யாருக்கும் ஒரு தகவலும் இல்லை. வாங்கியவர் எண்ணை மாற்றிவிட்டார். ஒப்பந்தத்தில் 'வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எந்த வயதிலும் என்னிடமே திருப்பி அனுப்புங்கள், வழிச்செலவு என்னுடையது' என்று இருக்கிறது. அது போதாதா? நமக்கு நல்ல செய்தி சொல்லத் தெரியும், பிறந்தநாள் தொப்பி போட்ட படம் அனுப்பத் தெரியும். வலிப்பு வந்தது, கடித்துவிட்டது என்று சொல்ல வெட்கம். உண்மையில் வளர்ப்பவருக்குத் தேவைப்படுவது அந்த வெட்கப்படுகிற செய்திதான்.

"ஒரு நாய்க்கு இவ்வளவு கூத்தா, காப்பகத்தில் எத்தனை கிடக்கிறது?" என்று கேட்பீர்கள். எடுங்கள், ரொம்ப நல்லது, எங்கள் புளோக்கிலேயே அப்படி வந்த இரண்டு தங்கங்கள் இருக்கின்றன. ஆனால் காசு கொடுத்து இன நாய் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் இந்தக் கூத்துக்கும் சேர்த்துத்தான் காசு.

தோழி அந்தக் குட்டியை இன்னும் வாங்கவில்லை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாயை நேரில் பார்க்கவும், முந்தின ஈத்தில் ஒரு வீட்டோடாவது பேசவும் கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் இல்லையாம்.

இன்று காலை அந்த அம்மாளின் வருடாந்தரப் படிவம் வந்தது. எடை, பல், பித்தப்பை எல்லாம் நிரப்பியாயிற்று. கடைசிக் கேள்வி வருடா வருடம் அதேதான்: 'இப்போது எதை மேய்க்கிறான்?' போன வருடம், பொங்கலுக்கு வந்த ஆறு பிள்ளைகளைச் சோபா மூலையில் மடக்கி வைத்ததை எழுதினேன். இந்த வருடம், "என் மாமியாரை. மாலை ஆறு மணிக்குத் தொடர் தொடங்கும் முன் சமையலறையிலிருந்து கூடத்துக்கு ஓட்டி வருகிறான்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.