கரடிபொம்மையை மறந்துவிட்டீர்களே
போலி வைரஸ் எச்சரிக்கை மெயிலால் நேரம் வீணாவதைத் தவிர வேறு கெடுதல் இல்லை என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 2002-இல் ஒரு மெயில் சுற்றியது: ஜேடிபிஜிஎம்ஜிஆர் என்ற கோப்பைத் தேடுங்கள், கரடிபொம்மை ஐகான் இருந்தால் வைரஸ், அழித்துவிட்டு எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று. தேடினால் கரடி இருக்கத்தான் செய்யும். அது விண்டோஸோடு வந்த மைக்ரோசாஃப்டின் ஜாவா கோப்பு. நானும் அழித்தேன், அப்புறம் மாமாவுக்கும் போன் போட்டு அழிக்க வைத்தேன் (இன்றும் கிண்டல் செய்கிறார்). நல்லவேளை, ஜாவா நிரல் எழுதாத எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆன்டிவைரஸால் பிடிக்க முடியாது, 14 நாள் சும்மா கிடக்கும் என்றும் அந்த மெயிலிலேயே எழுதியிருந்தான், கில்லாடி. ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை என்றதும் எனக்குப் பயம் இன்னும் கூடியதே அதனால்தான்.