வெளி ஆள்கிட்டதான் பேசுறேன், அதுக்கு என்ன இப்ப

எங்க ஃபேமிலி குரூப்ல வந்த அந்த வாய்ஸ் நோட் பத்தி இங்க பாதி பேருக்கு தெரியும், தெரியாதவங்க தயவுசெஞ்சு இன்பாக்ஸ்ல கேக்காதீங்க, மறுபடி மொதல்ல இருந்து சொல்ற தெம்பு எனக்கு இல்ல. "வீட்டு விஷயத்த எல்லாம் எவளோ ஒருத்திகிட்ட போன்ல ஒப்பிக்கிறா, அவ சொல்லிக்கொடுத்தத வந்து பெத்தவகிட்ட பேசுறா", இதான் சாராம்சம். அங்கயே பதில் போட்டா அம்மாவுக்குதான் பிபி ஏறும்னு வாய மூடிட்டு இருந்தேன். இங்க சொல்லிடுறேன்.

ஆமா, எவளோ ஒருத்திதான். வீடியோ கால்ல நான் பேசுற மனநல தெரபிஸ்ட். வெளி ஆள்தான். வெளி ஆளுங்கிறதாலதான் போனேன்.

எங்க சொந்தத்துல நான் யார்கிட்ட போய் அம்மா அக்கா பிரச்சனைய பேச முடியும் சொல்லுங்க. அத்தைகிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள சித்திக்கு தெரியும், சித்திக்கு தெரிஞ்சா அக்கா காதுக்கு போயிடும், அதுக்குள்ள நான் சொன்னது ஒண்ணு அங்க போய் சேர்றது வேற ஒண்ணு. இவங்க யாரும் கெட்டவங்க இல்ல. எங்க மேல பாசம் இருக்கு, பாசம் இருக்குறதாலயே ஆளுக்கொரு பக்கம் இருக்கு. அந்த தெரபிஸ்ட்டுக்கு எங்க வீட்ல எந்தப் பக்கமும் கிடையாது. நான் சொன்னத வச்சு நாளைக்கு ஒரு விசேஷத்துல என்ன குத்திக்காட்ட மாட்டாங்க. இத விட பெரிய காரணம் வேணுமா?

"உனக்கு என்ன, நல்லாதானே இருக்க, இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போவாங்க"ன்னு கேக்குறவங்களுக்கு: மொதல்ல, அவங்க மருந்து எழுதற டாக்டர் இல்ல, மருந்து எழுதறவங்க சைக்யாட்ரிஸ்ட், இவங்க பேசியே உதவுறவங்க. ரெண்டாவது, நல்லா இருக்கேன்னு யார் சொன்னது? ஆபீஸ்ல போன் அடிச்சாலே வயிறு பெசையும், அம்மா நம்பரா அக்கா நம்பரான்னு பாக்குறதுக்குள்ள உள்ளங்கை வேர்த்துடும். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து, யார் யார்கிட்ட என்ன சொன்னேன்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டு கெடப்பேன். ஆரம்பத்துல மனச்சோர்வு எவ்வளவு இருக்குன்னு பாக்குற ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, பிஹெச்க்யூ-9ன்னு பேரு, கடந்த ரெண்டு வாரத்துல தூக்கம் எப்படி, பசி எப்படி, எதுலயாவது நாட்டம் கொறஞ்சிருக்கான்னு ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும். என் மார்க் கம்மியாதான் வந்துச்சு, கம்மின்னா பிரச்சனையும் கம்மின்னு அர்த்தம். அப்போ நான் வரலாமா கூடாதான்னு நானே தயங்கித்தான் கேட்டேன். முத்திப்போன அப்புறம்தான் வரணும்னு எந்த சட்டமும் இல்லன்னு சொன்னாங்க. அந்த ஒரு வரிக்கே எனக்கு அழுகை வந்துச்சு.

அங்க அப்படி என்னதான் பேசுறேன்னு ஆளாளுக்கு கற்பனை பண்றீங்க இல்ல, கேட்டுக்கோங்க. அம்மாவுக்கு அக்கா மேல வருத்தம்னா என்கிட்ட சொல்வாங்க. அக்காவுக்கு அம்மா மேல கோவம்னா அதுவும் என்கிட்டதான். நான் ரெண்டையும் கொஞ்சம் பாலிஷ் போட்டு அந்தப்பக்கம் கொண்டு போய் சேக்கணும். முர்ரே போவன்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர் 1960கள்லயே இத எழுதியிருக்காராம், ரெண்டு பேருக்கு நடுவுல டென்ஷன் ஏறினா மூணாவதா ஒருத்தர உள்ள இழுத்து அந்த சூட்ட தணிச்சுக்குவாங்க, அதுக்கு முக்கோணம்னு பேரு. தெரபிஸ்ட் பேப்பர்ல ஒரு முக்கோணம் போட்டு கேமராவுக்கு நேரா காட்டி, இதுல நீங்க எங்க இருக்கீங்கன்னு கேட்டாங்க. அடுத்து, உங்களுக்கு ஒண்ணுன்னா இதுல யார்கிட்ட போவீங்கன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல. ரொம்ப நேரம் சொல்லல, அவங்களும் அவசரப்படுத்தல.

அப்புறம் "அத நீயே அக்காகிட்ட சொல்லும்மா"ங்கிற ஒரே ஒரு வாக்கியத்த ஒரு செஷன் பூரா பழகினேன். அவங்க எங்கம்மா மாதிரி பேசுவாங்க, நான் பதில் சொல்லணும். எனக்கு மொதல்ல குரலே வரல, வந்தப்ப மன்னிப்பு கேக்குற மாதிரி வந்துச்சு. கோவம் இல்லாம, கெஞ்சாம, சாதாரணமா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப சொல்லிப் பாத்தோம். இதத்தான் "சொல்லிக்கொடுத்தா"ங்கிறீங்க. அம்மாவ எதுத்துப் பேச யாரும் சொல்லிக்கொடுக்கல. அம்மா மேல பாசம் கொறையாம அம்மாகிட்ட மாட்டேன்னு சொல்ல பழகினேன். ரெண்டும் ஒண்ணா?

ஸ்க்ரீன் வழியா என்ன புரிஞ்சிடப் போகுதுன்னு ஒரு அண்ணன் கேட்டிருந்தார். கவலைக்கும் மனச்சோர்வுக்கும் வீடியோ கால்ல குடுக்குற சிபிடி தெரபி (நம்ம எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்திக்கப் பழகுற பேச்சு சிகிச்சை) நேர்ல குடுக்குறதுக்கு கிட்டத்தட்ட சமமா வேலை செய்யுதுன்னு ஆராய்ச்சிகள் இருக்கு அண்ணா. எனக்கு அதவிட இன்னொரு காரணம் இருக்கு, கிளினிக் வாசல்ல என்ன யாராவது பாத்தா அதுக்கும் ஒரு வாய்ஸ் நோட் வரும். கதவ சாத்தி, ஃபேன ஃபுல்லா வச்சு, ஹெட்போன் மாட்டிக்கிட்டு, பக்கத்து ரூம்ல டிவி ஓடுற நேரமா பாத்து மெதுவா பேசுறேன். சொந்த வீட்ல மனசு விட்டுப் பேச ஒருத்தி ஃபேன் சத்தத்துல ஒளிய வேண்டியிருக்குன்னா வெக்கப்பட வேண்டியது நான் இல்ல.

ரகசியம் வெளிய போயிடாதான்னு கேட்டவங்க கேள்விய மட்டும் நான் மதிக்கிறேன். தெரபிஸ்ட் வெளிய சொல்லக்கூடாதுங்கிறது தொழில் தர்மம், உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சில விதிவிலக்கு உண்டு, அத ஆரம்பத்துலயே சொல்லிடணும். ஆனா ஆன்லைன் தெரபி ஆப் நடத்துற கம்பெனி வேற விஷயம். அமெரிக்காவுல 2023ல ஒரு பெரிய ஆன்லைன் தெரபி கம்பெனி வாடிக்கையாளர் விவரத்த விளம்பரத்துக்காக வெளிய பகிர்ந்ததுக்கு 78 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்துச்சு. அதனால படிப்பு என்ன, லைசென்ஸ் இருக்கா, நம்ம தகவல் எங்க போகுதுன்னு கேட்டுட்டு சேருங்க. நானும் கேட்டுட்டுதான் சேந்தேன். காசு பத்தி பேசுறவங்களுக்கு ஒண்ணுதான், அது என் சம்பளம்.

ஆனா நெஜமா உங்க கோவம் ரகசியம் மேலயும் இல்ல, ஸ்க்ரீன் மேலயும் இல்ல. இத்தன வருஷமா நான் தூது போனப்ப "பாவம், ரெண்டு பக்கமும் இடி வாங்குறா"ன்னு ஒருத்தரும் வாய்ஸ் நோட் போடல. முடி கொட்டுச்சு, எளச்சுப் போனேன், அப்ப டயட்டான்னு கேட்டீங்க. ஒரே ஒரு தடவ அத நீயே சொல்லும்மான்னு சொன்ன ஒடனே எனக்கு என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் கவலை வந்துடுச்சு. நான் கஷ்டப்பட்டப்ப வராத கவலை நான் கஷ்டப்படுறத நிறுத்தினப்ப வருது. அதுதான் வலிக்குது. அத்தை, இது உங்களுக்குதான், நீங்க படிப்பீங்கன்னு தெரியும், யாராவது ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவாங்க. சின்ன வயசுல எனக்கு தலை பின்னி விட்டவங்க நீங்க. ஒரு போன் பண்ணி "என்னடி ஆச்சு"ன்னு கேட்டிருந்தா எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லியிருப்பேன்.

செஷன நிறுத்தப் போறதில்ல. குரூப்ல இருந்து வெளிய வரல, மியூட்லதான் வச்சிருக்கேன். அக்காகிட்ட ஏதாவது சொல்லணும்னா அக்கா நம்பர் எல்லார்கிட்டயும் இருக்கு.