பொறுமைசாலியாம்!

அம்மாவின் 16ஆம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். "எவ்வளவு வலி! வாய் தொறந்து ஒரு வார்த்த சொன்னதில்ல. பொறுமைசாலி." இலை போட்டுக்கொண்டிருந்தேன், தலையாட்டி வைத்தேன். அன்றைக்கு விழுங்கியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயத்தில். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி "இந்தியாவுக்கு" என்று பெயர் எழுதப்பட்ட குடும்பம். பன்னிரண்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார். எங்களைப் போல் தாயகம் திரும்பியவர்களுக்காக தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டம்தான் டான்டீ. பாட்டி அங்கே கொழுந்தெடுத்தார், பிறகு அம்மா.

46 வயதில் விரல்கள் மடங்க மறுத்தன. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் கை கட்டை மாதிரி இருக்கும். டீ டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் குடிப்பார். எங்களுக்கு அது நோயாகவே தெரியவில்லை. இந்தக் குளிரில் எல்லாருமே டம்ளரை அப்படித்தானே பிடிக்கிறோம்! கேட்டால், "பனிக்குப் பிடிச்சிருக்கு, வெயில் வந்தா விட்ரும்" என்பார். காட்டிய இடத்தில் எலும்புத் தேய்மானம் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஊசி போட்டால் நாலு நாள் சுகம். இப்படியே மூன்று வருடம்.

மேட்டுப்பாளையம் இறங்கி கோவைக்குப் போன பிறகுதான் முடக்குவாதம் என்று தெரிந்தது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். இது தேய்மானமே இல்லை. நோயை எதிர்க்க வேண்டிய சக்தி, தன் மூட்டுச் சவ்வையே தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இரண்டு மூன்று மடங்கு அதிகம். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கி, காலை இறுக்கம் மணிக்கணக்கில் நீண்டால் உடனே காட்ட வேண்டும். சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் போனபோது அம்மாவின் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன.

அம்மா சொல்லாமல் இருந்தது குணத்தால் அல்ல, கணக்கால். மலை இறங்கினால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும், கூடப் போகிற எனக்கு ஒரு நாள் லீவு போகும். போட்டுப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். நாங்களும் அதைப் பொறுமை என்று மெச்சிக்கொண்டு வேலைக்குப் போனோம். எங்களுக்கு வசதியாக இருந்தது, வேறென்ன.

உண்மையில் அம்மா கோபக்காரி. ஒருநாள் குக்கர் மூடி திறக்க வரவில்லை என்று குக்கரோடு சுவரில் அடித்தார். அந்தப் பள்ளம் அடுப்படியில் இன்னும் இருக்கிறது. எனக்கு அந்த அம்மாவைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

முடக்குவாதத்துக்குக் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான். மறந்து தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. (வீட்டில் யாராவது சாப்பிட்டால் தயவுசெய்து கிழமையை எழுதி ஒட்டுங்கள்.) அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். என் மகள் தினசரி காலண்டரில் ஞாயிறுத் தாளுக்கெல்லாம் ஒரு பூ வரைந்து வைத்தாள். பூ வந்தால் மாத்திரை. அட்டையிலிருந்து பிதுக்கிக் கொடுப்பதும் அவள்தான், அந்த விரலுக்கு அது வராது.

அதற்குக் கைமாறோ என்னவோ, பேத்திக்குச் சடை பின்னும் வேலையை அம்மா கடைசிவரை விட்டுக்கொடுக்கவே இல்லை. மணிக்கட்டால் முடியை அழுத்திக்கொண்டு, இரண்டு விரல் நுனியால் மாற்றி மாற்றிப் போடுவார். அரைமணி நேரம் ஆகும். பஸ் ஏறுவதற்குள் அவிழ்ந்துவிடும். நான் பிரித்துக் கட்ட வந்தால் பிள்ளை தலையைக் கொடுக்க மாட்டாள், அப்படியே தொளதொளவென்று போவாள்.

இப்போது நான்தான் பின்னுகிறேன். இறுக்கமாக, ஐந்து நிமிடத்தில். நேற்று சொன்னாள்: "அம்மாயி பின்னுனா வலிக்காதும்மா."